யார் வீட்டுப் பிள்ளை நீ?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஐரிஷ், ஆங்கிலம் இரண்டிலும் பாட்டுக் கட்டிப் பாடுகிற அயர்லாந்துக்காரர்களைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். போகிற போக்கில் எழுதியது. வந்த கடிதங்களோ நான் எழுதியதைவிட நீளம். அதனால் இந்த முறை மற்றதையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு அயர்லாந்து மட்டும்.

ஐரிஷ் என்று தனியாக ஒரு மொழி இருக்கிறதா? அங்கே எல்லோரும் ஆங்கிலம்தானே பேசுகிறார்கள்? 'இருமொழிப் பாடகர்' என்று நீங்கள் எழுதியது புரியவில்லை. (சேலம் வாசகர்)

இருக்கிறது. ஆங்கிலத்தைக் கொச்சையாகப் பேசினால் அது ஐரிஷ் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், நானும் கல்லூரி நாட்களில் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது கெல்டிக் குடும்பத்து மொழி. ஸ்காட்லாந்தின் கேலிக் அதற்குக் கூடப்பிறந்தது மாதிரி, வேல்ஸ் நாட்டு மொழி ஒன்றுவிட்ட சொந்தம், ஆங்கிலம் ரொம்ப தூரத்து உறவு. 1937 அரசியல் சட்டப்படி அயர்லாந்தின் முதல் ஆட்சிமொழியே அதுதான். சட்டத்தில் அப்படி. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களுக்கு ஐரிஷ் பேச வரும் என்று சொன்னவர்கள் சுமார் 18.7 லட்சம் பேர். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் அதைப் பேசுகிறவர்களோ 72 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. 'வரும்' என்பதற்கும் 'பேசுகிறேன்' என்பதற்கும் நடுவில் இவ்வளவு தூரம். நான் சொன்ன பாடகர்கள் எல்லாரும் அந்த இடைவெளியில் இருந்துகொண்டுதான் பாட்டு எழுதுகிறார்கள். அன்றாடப் பேச்சில் ஐரிஷ் பிழைத்திருக்கும் பகுதிகளுக்குக் கேல்டாக்ட் என்று பெயர். டோனிகல், கான்னமாரா, கெர்ரி என்று பெரும்பாலும் மேற்குக் கடலோரம்.

தமிழ்க் காதுக்கு ஒரு சின்ன சந்தோஷம். ஆங்கிலத்தில் இருக்கிற 'ஹேவ்' ஐரிஷில் கிடையாது. நாம் "என்னிடம் புத்தகம் இருக்கிறது" என்போமே, அவர்களும் அப்படியேதான். மொழியைக்கூட "என்னிடம் ஐரிஷ் இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். வருத்தம் வந்தால் "வருத்தம் என்மேல் இருக்கிறது". என்ன, வினைச்சொல்லை வாக்கியத்தின் முதலிலேயே போட்டுவிடுவார்கள்.

ஐரிஷ் மொழியை இங்கிலாந்துக்காரன் பிடுங்கினானா, இவர்களே விட்டுக்கொடுத்தார்களா? நேராகப் பதில் சொல்லுங்கள். (திருநெல்வேலி வாசகர்)

நேராகச் சொன்னால், இரண்டும். 1831-இல் பிரிட்டிஷ் ஆட்சியில் வந்த அரசுப் பள்ளிகளில் பாடம் ஆங்கிலத்தில். பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள், ஐரிஷில் பேசும் ஒவ்வொரு தடவைக்கும் அதில் ஒரு வெட்டு, கடைசியில் வெட்டுகளை எண்ணி அடி. கணக்குக் குச்சி என்று பொருள்படும் பெயரே அதற்கு உண்டு. கொடுமை என்னவென்றால், பல வீடுகளில் வெட்டுப் போட்டது அப்பா அம்மாதான். ஐரிஷ் மட்டும் தெரிந்த அப்பா, தன் பிள்ளை அதே மொழியில் பேசினால் குச்சியில் கத்தியை வைக்கிறார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். அதிகம் அடிபட்டது ஐரிஷ் பேசிய ஏழை மேற்குதான். பாஸ்டனிலோ லிவர்பூலிலோ இறங்கப்போகிற பிள்ளைக்கு எந்த மொழி சோறு போடும் என்று பெற்றவர்களுக்குத் தெரியாதா?

அந்தக் காலத்துப் பெரிய தலைவர் டேனியல் ஓ'கானல், கெர்ரியில் ஐரிஷ் பேசி வளர்ந்தவர், லட்சக்கணக்கில் கூட்டம் கூட்டியவர். அந்த மனிதரே, இந்த மொழி மெல்ல மறைவதை ஒரு பெருமூச்சுகூட விடாமல் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியும் என்ற அர்த்தத்தில் பேசியிருக்கிறார். இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு கதையில் திரும்ப வருவார்.

நீங்கள் திருநெல்வேலி என்பதால் கொசுறாக ஒன்று: இடையன்குடி கால்டுவெல் பிறந்தது 1814-இல், அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், சிறு வயதிலேயே கிளாஸ்கோ போய்விட்டார். இருந்தாலும் பிறந்த மண் அதுதான்.

இரண்டு மொழியிலும் எழுதுகிற ஒரு பாடலாசிரியர், எந்தப் பாட்டை எந்த மொழியில் எழுதுவது என்று எப்படி முடிவு செய்வார்? நானும் பாட்டு எழுதுவேன், அதனால் கேட்கிறேன். (புதுச்சேரி வாசகி)

வந்ததிலேயே நல்ல கேள்வி உங்களுடையது, கொஞ்சம் நீளமாகவே பேசுகிறேன்.

முதலில் ஐரிஷில் ஒரு சொல்வழக்கு. பாட்டுப் பாடு என்று கேட்க "அபர் அவ்ரான்" என்பார்கள். பச்சையாகப் பொருள் சொன்னால் 'பாட்டைச் சொல்லு'. பாடுவது என்பது அங்கே சொல்வதுதான். பழைய பாணி என்று அர்த்தம் வரும் ஷான் நோஸ் பாட்டைக் கேட்டால் இது புரியும். பக்கவாத்தியம் கிடையாது, ஒற்றைக் குரல், தாளக்கட்டு தளர்வாக இருக்கும், கதையை எதிரில் இருப்பவரிடம் எடுத்துச் சொல்லுகிற மாதிரியே போகும். கான்னமாராவில் சங்கதி நிறைய, டோனிகலில் அவ்வளவு அலங்காரம் இல்லாமல் நேராகப் போவார்கள். எதுவானாலும் சொல் கேட்க வேண்டும்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். சொல்வதென்றால் கேட்டுப் புரிந்துகொள்ள எதிரில் ஆள் வேண்டுமே? கேல்டாக்டுக்கு வெளியே இருக்கிற கூட்டத்தில் பாட்டு முழுசாகப் புரிகிறவர்கள் கொஞ்சம் பேர், மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பாட்டுகளின் பல்லவி மட்டும் ஞாபகம் இருக்கும். இலக்கணத்தை வெறுத்தவர்கள்கூட அந்தப் பாட்டுகளை மறப்பதில்லை. கார்க் நகரத்துப் பாடலாசிரியர் ஜான் ஸ்பிலேன், இரண்டு மொழியிலும் எழுதுகிறவர், அந்தப் பள்ளிப் பாட்டுகளையே தொகுத்து ஒரு ஆல்பம் போட்டிருக்கிறார். சாமர்த்தியமான ஆள். எந்த இடத்தில் மக்களுக்கு அந்த மொழி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கேயே போய்த் தட்டியிருக்கிறார்.

அவருடைய ஆங்கிலப் பாட்டுகளிலும் கார்க் சுற்றுவட்டாரத்து ஊர்ப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். அயர்லாந்தில் ஊர்ப் பெயர் என்பதே பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் நசுங்கிக் கிடக்கிற ஐரிஷ். 1824-இல் தொடங்கிய நில அளவையின்போது, வந்தவர்கள் காதில் விழுந்ததை ஆங்கில உச்சரிப்பில் எழுதி வரைபடத்தில் ஏற்றினார்கள், தூத்துக்குடி டூட்டிகோரின் ஆன அதே பிழைப்பு. 'பாலி' என்று தொடங்குகிற ஊரெல்லாம் பெரும்பாலும் 'பாலெ', அதாவது ஊர். டப்ளின் என்றால் கருங்குளம். (நம்மிடமும் ஒரு கருங்குளம் உண்டு, தாமிரபரணிக் கரையில்.) ஆக, ஆங்கிலத்தில் மட்டும் பாடுகிறவனும் ஓர் ஊர்ப் பெயரைச் சொன்ன உடனே, தெரிந்தோ தெரியாமலோ, இருமொழிப் பாடகன் ஆகிவிடுகிறான்.

பழைய ஆட்கள் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள், இரண்டையும் ஒரே பாட்டில் கலப்பது. நம் மணிப்பிரவாளம் மாதிரி சொல்லுக்குச் சொல் கலப்பதல்ல, வரிக்கு வரி, அல்லது சரணத்துக்கு ஒரு மொழி பல்லவிக்கு ஒரு மொழி. 'ஷூல் அ ரூன்' என்ற பழம்பாட்டு அப்படி. காதலன் பிரான்சுக்குப் படையில் சேரப் போய்விட்டான், நூற்கும் ராட்டையை விற்று அவனுக்கு எஃகு வாள் வாங்கித் தருவேன் என்கிறாள் பெண். அந்தக் கதையெல்லாம் ஆங்கிலத்தில். பல்லவியில் அவனையே கூப்பிட்டு, சத்தம் போடாமல் நட, வாசலுக்கு வா, என்னோடு ஓடி வந்துவிடு என்கிறபோது ஐரிஷ். ஊருக்குச் சொல்வது ஒரு மொழி, அவனுக்கு மட்டும் சொல்வது இன்னொன்று. எழுதினவர் யாரென்று தெரியாத பாட்டு, ஆனால் உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

ஓ'கானல் கதை இங்கேதான். நாட்டுப்புறத்தில் சொல்வது இது. லண்டனில் ஒரு விருந்து, அவர் குடிக்கப் போகிற கோப்பையில் விஷம். பரிமாறுகிற வேலைக்காரப் பெண் அயர்லாந்துக்காரி, அவளுக்கு விஷயம் தெரியும், வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஐரிஷில் பாட்டுப் போலக் கேட்கிறாள்: டேனியல் ஓ'கானலே, உமக்கு ஐரிஷ் புரியுமா? புரியும் பெண்ணே, என்கிறார். உம் கோப்பையில் இருப்பது பல நூறு பேருக்குக் காணும், என்கிறாள். ஆள் பிழைத்துக்கொள்கிறார். இது நடந்ததா என்று கேட்காதீர்கள், கதைதான். ஆனால் மொழி போனால் போகட்டும் என்ற மனிதரை அந்த மொழியாலேயே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், ஜனங்கள் எப்படிப் பழிவாங்குவார்கள் என்பதற்கு வேறென்ன உதாரணம் வேண்டும்?

ஒரேயடியாக மொழி மாறிப் பார்த்தவர்களும் உண்டு. மைக்கேல் ஹார்ட்னெட், பாடகர் அல்ல, கவிஞர், லிமரிக் பக்கத்தில் ஐரிஷ் பேசும் பாட்டியிடம் வளர்ந்தவர். இனிமேல் ஆங்கிலத்தில் எழுதமாட்டேன் என்று 1974-இல் டப்ளின் நாடக மேடை ஒன்றில் அறிவித்தார். பத்து வருடம் தாக்குப்பிடித்தார், 1985-இல் ஆங்கிலக் கவிதைப் புத்தகத்தோடு திரும்பி வந்தார். சிலர் தோற்றுவிட்டார் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஒரு வீட்டைப் பூட்டினால்தான் இன்னொரு வீட்டில் குடியிருக்க முடியும் என்று அவர் நம்பினார், அது மட்டும்தான் தப்பு. இவருக்கு முன்னால் ஷான் ஓ ரீர்டாய்ன் என்ற கவிஞர், கார்க் மாவட்டத்தில் அப்பா பக்கம் ஐரிஷ், அம்மா பக்கம் ஆங்கிலம் என்று பிறந்தவர், தன் மொழியைப் 'பாதி எனதான மொழியே' என்று கூப்பிட்டு ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். முழுசாக என்னுடையது என்று நெஞ்சை நிமிர்த்துகிற பாட்டைவிட, பாதிதான் என்று ஒப்புக்கொள்கிற பாட்டை எனக்கு நம்பத் தோன்றுகிறது.

நீங்கள் எழுதுகிறவர் என்பதால் ஒன்று மட்டும். ஒரு மொழியில் சொன்னதை அடுத்த சரணத்தில் இன்னொரு மொழியில் விளக்கிக்கொண்டு நிற்காதீர்கள். அப்படி எழுதிய நிமிஷமே பாட்டு உரைநூல் ஆகிவிடுகிறது.

ஒரே பாடகருக்கு இரண்டு பெயர் போடுகிறார்கள். இணையத்தில் தேடிக் குழம்பிப்போனேன். ஏன் அப்படி? (நாகர்கோவில் வாசகி)

வீட்டுக்கு ஒன்று, வெளியே ஒன்று. ஷான் நோஸ் பாட்டில் மிகப் பெரிய பெயர் ஷோசவ் ஓ ஹேனி, ஆங்கிலத்தில் ஜோ ஹீனி. ஒரே ஆள். ஓ என்றால் வழித்தோன்றல், மாக் என்றால் மகன். பெண்ணுக்கு அதே பெயர் மாறும். ஓ டோனல் வீட்டுப் பெண் நீ கோனல், அந்த 'நீ' இன்னார் வழிவந்தவரின் மகள் என்று பொருள் தரும் பழைய தொடரின் சுருக்கம். கல்யாணமானால் அதுவும் மாறும். நாம் இனிஷியலில் அப்பாவை ஒளித்து வைத்திருக்கிறோம், அவர்கள் அப்பாவை மட்டுமல்ல, பாட்டனையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள்.

கேல்டாக்ட் கிராமங்களில் தெருவில் பார்க்கிற சின்னப் பிள்ளையிடம் பெரியவர்கள் "கே லெஷ் ஹூ?" என்று கேட்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நீ யாருடையவன்', நம்மிடம் 'யார் வீட்டுப் பிள்ளை நீ'. பெயரைக் கேட்பதில்லை, ஊரைக் கேட்பதில்லை. இந்த வாரத் தலைப்பு அங்கிருந்து எடுத்ததுதான்.

உலகம் முழுக்க விற்ற என்யாவின் பெயரும் இந்த ரகம். டோனிகல் உச்சரிப்பில் அவர் பெயரை அப்படித்தான் சொல்வார்கள், எழுத்தில் மட்டும் வேறு மாதிரி இருக்கும். வெளியூர்க்காரன் நாக்கு மாட்டிக்கொள்ளாமல் இருக்க எழுத்தை மாற்றினார்கள். பெயர் அதேதான்.

புரியாத மொழிப் பாட்டைக் கேட்டுக் கண்ணை மூடித் தலையாட்டுவது பாசாங்கு இல்லையா? (தஞ்சாவூர் வாசகர்)

தெலுங்குக் கீர்த்தனையைத் தினமும் கேட்கிற ஊரிலிருந்து இந்தக் கேள்வியா சார்!

சரி, விளையாட்டு போதும். 1982-இல் கிளானட் என்ற குழு, டோனிகலின் க்வீடோரைச் சேர்ந்த ஓர் அக்காவும் இரண்டு தம்பிகளும் இரட்டையர்களான இரண்டு மாமன்மாரும், பிரிட்டனின் கீழ் இருக்கிற வட அயர்லாந்தின் வன்முறையைப் பற்றிய ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்கு ஐரிஷில் முகப்புப் பாட்டுப் போட்டார்கள். அது பிரிட்டன் தரவரிசையில் 5-ஆம் இடம் வரை ஏறியது. வாங்கினவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. பாட்டு அருமையானது, சந்தேகமில்லை. எனக்கு இருக்கிற குறை அதற்கப்புறம் நடந்தது. ஐரிஷ் என்றாலே மூடுபனி, எதிரொலி, பச்சைப் புல், மாயம் என்று கம்பெனிகள் ஒரு பொட்டலம் கட்டிவிட்டன. அந்த மொழியில் கடன்காரனைத் திட்டலாம், மாடு விலை பேசலாம், கெட்ட வார்த்தை சொல்லலாம் என்பதே வெளியே தெரியாமல் போயிற்று. புரியாமல் கேளுங்கள், தப்பே இல்லை, ஆனால் புரியாததால்தான் அது அழகு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பெல்ஃபாஸ்டில் ஐரிஷில் ராப் பாடுகிறார்களாமே, நீகேப்? அதையும் நாட்டுப்புறப் பாட்டில் சேர்க்கலாமா? (சென்னை, கல்லூரி மாணவர்)

வகை பிரிக்கிற வேலை எனக்கு வேண்டாம். ஆனால் நான் மேலே சொன்ன பொட்டலத்தைக் கிழித்துப் போட்டவர்கள் அவர்கள்தான். போதை, போலீஸ், வேலையில்லாமை, கெட்ட வார்த்தை எல்லாம் ஐரிஷில், நடுநடுவே ஆங்கிலம். வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்டில் அந்த மொழி எங்கிருந்து வந்தது என்பது தனிக்கதை. 1969-இல், வளர்ந்த பிறகு ஐரிஷ் கற்றுக்கொண்ட சில குடும்பங்கள் ஷாஸ் ரோடு என்ற இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டிக் குடியேறி, பிள்ளைகளிடம் அதை மட்டும் பேசி, 1971-இல் தாங்களே பள்ளிக்கூடமும் தொடங்கினார்கள். பிறகு பிரிட்டன் ஆட்சியை எதிர்த்துச் சிறைக்குப் போன கைதிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக் கற்றார்கள். வட அயர்லாந்து நீதிமன்றங்களில் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று 1737-இல் போட்ட சட்டத்தை நீக்க 2022-இல் வந்த சட்டத்தில்தான் வழி செய்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் ஐரிஷில் கெட்ட வார்த்தை சொல்வதும் அரசியல்தான்.

என் பேரப் பிள்ளைகள் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அயர்லாந்துக்கு வெளியே பிறந்தவரை அங்கே ஐரிஷ் பாடகர் என்று ஒப்புக்கொள்வார்களா? (கோவை வாசகி, வயது 71)

ஒப்புக்கொள்வார்கள் அம்மா, கொஞ்சம் முனகிவிட்டு. 'பிளாஸ்டிக் பேடி' (பேட்ரிக் என்ற பெயரின் சுருக்கம் இந்தப் பேடி) என்று கேலிப் பெயரே உண்டு, அயர்லாந்துக்கு வெளியே பிறந்து ஐரிஷ் என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்கு. ஷேன் மெக்கோவன் 1957-இல் பிறந்தது இங்கிலாந்தின் கென்ட்டில், சின்ன வயதில் டிப்பரேரியில் அம்மாவின் சொந்தக்காரர்கள் வீட்டில் இருந்திருக்கிறார். லண்டனில் அவர் தொடங்கிய குழுவின் முதல் பெயருக்கு ஐரிஷில் பொருள் பார்த்தால் 'என் பின்பக்கத்துக்கு முத்தம் கொடு' என்று வரும். ஒலிபரப்பில் அதைப் புரிந்துகொண்டவர்கள் ஆட்சேபிக்க, 1984-இல் பெயரைப் போக்ஸ் என்று குறுக்கினார்கள். பாட்டெல்லாம் ஆங்கிலம், ஊரை விட்டு வந்தவனின் குடியும் ஏக்கமும் கோபமும். 2023-இல் அவர் போனபோது டப்ளின் தெருவில் நின்று அழுதார்கள். ஃபில் லினட் இன்னொருவர், இங்கிலாந்தில் பிறந்தவர், அப்பா கயானாக்காரர், டப்ளினில் பாட்டி வளர்த்த கறுப்புப் பிள்ளை. பழைய ஐரிஷ் நாட்டுப்புறப் பாட்டு ஒன்றை ராக் ஆக்கி ஊரையே பாட வைத்தார். டப்ளின் நடுவில் அவருக்குச் சிலை இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. மேலே சொன்ன ஜோ ஹீனி, 1919-இல் கான்னமாராவின் கார்னாவில் பிறந்து, நூற்றுக்கணக்கான பாட்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு அமெரிக்கா போனார். நியூயார்க்கில் பணக்காரர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் கதவு திறந்துவிடுகிற வேலை. சீருடை போட்ட அந்த மனிதர் யாரென்று உள்ளே போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? 1982-இல் அமெரிக்க அரசு அவருக்குத் தேசியப் பாரம்பரிய விருது கொடுத்தது, சியாட்டிலில் இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார், 1984-இல் காலமானார், உடல் கார்னாவுக்கு வந்து சேர்ந்தது. 'புரூக்ளின்' படம் கிடைத்தால் பேரப் பிள்ளைகளோடு பாருங்கள். கிறிஸ்துமஸ் அன்று இலவசச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள், நியூயார்க்கில் பாலமும் சுரங்கப்பாதையும் கட்டி ஓய்ந்துபோன அயர்லாந்துக் கிழவர்கள். அவர்களில் ஒருவர் எழுந்து ஐரிஷில் ஒரு பாட்டைச் சொல்கிறார். பாடுவது இயர்லா ஓ லினார்ட், கார்க் மாவட்டத்துக் கூல் ஏ கிராமத்தில் ஐரிஷ் பேசி வளர்ந்தவர். படத்தில் அதற்கு மொழிபெயர்ப்பு போடவில்லை என்றுதான் ஞாபகம், தேவையும்படாது.

அங்கே கச்சேரியில் கைதட்டுவார்களா, நம்மைப் போல 'பலே' சொல்வார்களா? (கும்பகோணம் வாசகர்)

மேடைக் கச்சேரியில் கைதட்டல்தான். வீட்டிலோ மதுக்கடை மூலையிலோ ஷான் நோஸ் நடக்கும்போது நடுவிலேயே குரல் கொடுப்பார்கள். "மொ ஹ்யோல் ஹூ" என்பார்கள், 'என் இசை நீ'. பாடுகிறவர் கண்ணை மூடிக்கொள்வார், சிலர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அவர் கையைப் பிடித்து, பாட்டின் போக்குக்கு மெல்லச் சுற்றிக்கொண்டே இருப்பார், மாவாட்டுகிற மாதிரி. முடிந்ததும், அடுத்து யார் பாட வேண்டும் என்று கைகாட்டுகிற உரிமை பாடினவருக்கு உண்டு. குரல் சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கலாம், விடமாட்டார்கள்.